அப்பா பார்த்த பித்தானூர்

மாலை நடைக்கு வேங்கிக்கால் பக்கம் வரும் நம் கூட்டத்தில் போன வாரம் ஒரு தோழி குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய பேத்தி தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசி விளையாடுகிறாளாம். குரலை மாற்றி மாற்றிப் பேசுகிறாளாம். மருமகள் பயந்துபோய், யாரிடமாவது காட்டலாமா என்று கேட்கிறாளாம். நாம் ஆளுக்கொன்று சொன்னோம். ஏதாவது வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றார் ஒருவர். நாலு பிள்ளைகளோடு பழகவிடுங்கள் என்றார் இன்னொருவர். நான் அன்று வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லியிருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தப் பேத்தியின் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். என்னையும் எங்காவது அனுப்பிவிடலாமா என்று பேச்சு நடந்தது. அனுப்பாமல் நிறுத்தியவர் என் அப்பா. அந்தக் கதையை நடந்துகொண்டே சொல்ல நம்மால் முடியாது, மூச்சு வாங்கும். அதனால் இப்படி உட்கார்ந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நீளமான கூடம், அதை ஒட்டி அடுப்படி, பின்னால் தண்ணீர்த் தொட்டியும் வெந்நீர் அடுப்பும் உள்ள சின்ன முற்றம். கூடத்துக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை. மழைக்காலத்தில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலை வரை சில்லிடும். அப்பா வேலூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். நான் எழுவதற்கு முன்பே போய்விடுவார், நான் தூங்கிய பிறகு வருவார். அந்த மழைக்காலம் வரை எனக்குத் தெரிந்த அப்பா, ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டையும் அதன் டீசல் வாசனையும்தான். அம்மா பால்வாடி டீச்சர். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொண்டை கட்டி வீட்டுக்கு வருவாள். வந்ததும் அவளுக்கு வேண்டியது சத்தமில்லாத ஒரு வீடு. நான் ஒற்றைப் பிள்ளை. சண்டை போடக்கூட ஆள் கிடையாது. ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு என் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், கணியம்பாடி பக்கத்தில் பஞ்சரான டயரைக் கழற்றும்போது ஜாக்கி நழுவி அப்பாவின் வலது கால் மாட்டிக்கொண்டது. பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டோடு அவரைத் தூக்கி வந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். தூக்கி வந்தவர்களில் முன்னால் நின்றவர் அதே பஸ்ஸின் கண்டக்டர். அவரை நான் கண்டக்டர் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டில் எல்லோருக்கும் பரம்பரையாகப் பூட்டுக் கடை. இவர் ஒருவர்தான் பஸ்ஸில் ஏறியவர். அப்பாவைக் கிடத்திவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "அப்பாவ பத்திரமா பாத்துக்கம்மா" என்றார். யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடம் அந்த மழையில் ஒழுகியது. பாதி வகுப்புகளுக்குக் காலையில் மட்டும்தான் பாடம். மத்தியானம் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மா வர சாயங்காலம் ஆகும். இடையில் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். ஈரத்துணி காயாமல் கூடத்துக் கொடியில் தொங்கும். சுண்ணாம்பும் மருந்தும் கலந்த மாவுக்கட்டு வாசனை வீடெங்கும் இருக்கும். உள்ளே அரித்தால் அப்பா துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொள்வார். எனக்கு அவரிடம் பேசக் கூச்சம். அவருக்கும் என்னிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சாப்ட்டியா பாப்பா?" என்பார். "ம்" என்பேன். அதோடு பேச்சு முடிந்தது. நான் என் ஊருக்குப் போய்விடுவேன்.

ஊர் என்றால் நிஜமாகவே ஊர். பித்தானூர் என்று பெயர் வைத்திருந்தேன். அம்மாவின் தையல் டப்பாவில் இருந்த பித்தான்கள்தான் அதன் ஜனங்கள். வெள்ளைச் சட்டைப் பித்தான்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். யாரோ ஒரு பெரிய மனிதரின் கோட்டிலிருந்து விழுந்த பெரிய கறுப்புப் பித்தான் தாசில்தார். பளபளவென்று ஊதா நிறத்தில் ஒன்று, அது தாசில்தாரின் பக்கத்து வீட்டு அம்மா. தீப்பெட்டிகள் வீடுகள். பல்பொடி டப்பா தண்ணீர் டாங்கி. சோறு வடிக்கும் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்தால் மலை. சோப்பு டப்பாவில் நூல் கட்டி இழுத்தால் பஸ். கண்டக்டர் பாய் கொடுத்த பழைய டிக்கெட் கட்டுகளின் அடிக்கட்டை ஊர் முழுக்கச் சுவர்களாக நிற்கும். அந்த ஊரில் கல்யாணம் நடக்கும், தண்ணீர்ச் சண்டை நடக்கும், காணாமல் போன சைக்கிளைத் தேடுவார்கள். எல்லோருக்கும் நான்தான் குரல்.

அப்பா முதலில் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். கொஞ்ச நாளில் தலையணை இந்தப் பக்கம் மாறியது. அது எனக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. விளையாடும் பிள்ளைக்கு முதுகில் கண் உண்டு இல்லையா? சில சமயம் நான் ஒன்றைச் சொல்லும்போது கட்டில் லேசாகக் குலுங்கும். சத்தம் வராமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்தால் கண்ணை மூடியிருப்பார்.

ஒரு நாள் அவரால் அடக்க முடியவில்லை. பித்தானூர் பஸ் புறப்பட்டுவிட்டது. மலையடிவாரம் வரை போன பிறகு, ஓரம் உடைந்த ஒரு வெள்ளைப் பித்தான் ஓடி வந்து, "என் சிலேட்ட வுட்டுட்டேன்" என்று அழுதது. உடனே பஸ்ஸைப் பின்னால் தள்ளிக்கொண்டு அதன் வீட்டு வாசல் வரை வந்தேன்.

கட்டிலிலிருந்து அப்பா சொன்னார்: "பஸ்ஸு அப்டிலாம் ரிவர்ஸ் வராது பாப்பா. டைம் ஆயிடும். அடுத்த வண்டில வரச் சொல்லு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் தொழில் அது. ஆனால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. ஊரே ஒரு நொடியில் வெறும் தீப்பெட்டியாகப் போய்விட்டது. கோபம் கூட இல்லை. பித்தான்களை எல்லாம் டப்பாவில் அள்ளிப் போட்டேன், அன்னக்கூடையைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தேன், வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் விளையாடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

இதை அம்மா எனக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னாள். அந்தச் சமயத்தில் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பாராம். "ஒரு வார்த்த சொல்லிட்டேன், கட சாத்திட்டா" என்றாராம். அம்மா புரியாமல், "நீங்க கூப்ட்டு வெளாடச் சொல்லுங்க, வெளாடப் போறா" என்றிருக்கிறாள். "கூப்ட்டா வராது. அது தானா வரணும்" என்றாராம். கண்டக்டர் பாயிடம் சொல்லித் தகரத்தில் செய்த ஒரு பொம்மை பஸ்ஸை வாங்கி வரச் செய்ததும் அவர்தான். நான் மரியாதையாக வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் செய்யவில்லை. மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பேசாமல் இருப்பதும் பெரியவர்களுக்கு ஒரு வேலை என்று அந்த மனுஷர் எங்கே கற்றார் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நம்மில் எத்தனை பேரால் அது முடிந்திருக்கிறது?

மழை வலுத்த ஒரு மத்தியானம் எனக்கே தாங்கவில்லை. டப்பாவைத் திறந்தேன். ஊர் மெல்ல எழுந்தது. இப்போது பஸ் போக ஒரு மலைப்பாதை வேண்டியிருந்தது. அன்னக்கூடை வழுக்கியது. சுற்றிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்தது அப்பாவின் மாவுக்கட்டு.

"அப்பா, காலு குடேன்."

"எதுக்கும்மா?"

"மலைக்கு."

அவர் போர்வையை விலக்கிக் காலைச் சரியாக வைத்தார். அடுப்படியிலிருந்து கரித்துண்டு எடுத்து வந்து, பாதத்தில் ஆரம்பித்து முழங்கால் வரை வளைந்து வளைந்து ஒரு ரோடு போட்டேன். விரல்கள்தான் அடிவாரத்துக் கிராமம். பித்தானூர் ஜனங்கள் சோப்பு டப்பாவில் ஏறி அந்த மலையை அன்று முழுக்க ஏறினார்கள். பஸ் வளைவில் நின்று மூச்சு வாங்கும். தாசில்தார் இறங்கித் தள்ளுவார். அப்பா அசையவே இல்லை. கொசு கடித்தபோது முகத்தை மட்டும் சுளித்தார். தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்து விழுங்கினார்.

அப்போதுதான் கண்டக்டர் பாய் வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தவர், அப்பா விறைத்துப்போய்க் கிடப்பதைக் கண்டு பதறிவிட்டார்.

"இன்னாண்ணே, வலி ஜாஸ்தியா?"

"பேசாத பாய்," என்றார் அப்பா, உதடு அசையாமல். "பஸ்ஸு மேல ஏறிட்டு இருக்குது."

பாய் ஒரு கணம் முழித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து சுவரோரம் குந்திக்கொண்டார். பஸ் முழங்காலுக்கு வந்து சேரும் வரை இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். நிஜ பஸ்ஸில் தினமும் போய்வரும் இரண்டு ஆண்கள்.

கார்த்திகை பிறந்தது. மலை மேல் ஏற்றும் தீபத்துக்குக் கோயிலில் கொடியேற்றி ஊர் நிரம்ப ஆரம்பித்தது. நம் ஊரில் தீபம் என்றால் எந்த வீடும் அவரவர் வீடு இல்லை என்று உங்களுக்கே தெரியும். போளூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. தாய் இல்லாத அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். குரலும் பெரிது, கையும் பெரிது. வந்த அன்றே நான் பித்தான்களோடு பேசுவதைப் பார்த்துவிட்டாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "எங்க, அந்தத் தாசில்தாரு மாரி பேசிக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். நான் கட்டில் பக்கமாக நகர்ந்துபோனேன்.

அப்பா கட்டிலிலிருந்து, "வேணாங்க்கா," என்றார். "அது காட்டறதுக்கு இல்ல. அவளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அன்று மாலையே அடுப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதுக்கு இல்ல பொண்ணே. அவன் படுத்துக் கெடக்கறான், நீ வேலைக்குப் போயிடற. கொழந்த தனியா பேசுது. எங்கூட்டுக்கு இட்டுக்கினு போறேன். எங்க பசங்களோட ஸ்கூல் போவட்டும், மனுஷங்களோட பேசட்டும்." அம்மா தலையைக் குனிந்து வெங்காயம் நறுக்கினாள். நான் எட்டிப் பார்த்தபோது புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

தீபத்துக்கு முதல் நாள் அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கும் நாள். பாய் ஒரு குதிரை வண்டி பிடித்து வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே நடந்ததை பாய்தான் எங்களுக்குப் பின்னால் சொன்னார். மாவுக்கட்டு முழுக்கக் கரிக்கோடு கிடப்பதைப் பார்த்த டாக்டர், "இது என்னய்யா அசிங்கம்?" என்றாராம். "ரோடு சார்" என்றாராம் அப்பா. கட்டை இரண்டாக அறுத்து வாளியில் போட்டபோது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று அப்பாவுக்கு ஓர் ஆசை இருந்ததாம். கேட்கக் கூச்சப்பட்டுவிட்டார். பிறகு டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, முட்டி சரியாகக் கூடவில்லை, இனிமேல் பெரிய வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதே நேரத்தில் வீட்டில் அத்தை தீபத்துக்காக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கூடம் ஈரமாக, ஓரம் வரை சுத்தமாக இருந்தது. அன்னக்கூடை அடுப்படியில் கவிழ்ந்திருந்தது. பித்தான்கள் தையல் டப்பாவில் இருந்தன. தீப்பெட்டிகளும் டிக்கெட் கட்டைகளும் எங்கே என்று தேடிப் பின்னால் போனேன். வெந்நீர் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புச் சாம்பலில் ஒரு தீப்பெட்டியின் ஓரம் மட்டும் கருகாமல் மஞ்சளாகத் தெரிந்தது.

நான் அழவில்லை. புத்தகப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அத்தை தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள், வைத்துக்கொண்டேன். அப்பா வண்டியிலிருந்து இறங்கி, அக்குளில் கட்டையை ஊன்றி உள்ளே வந்தார். வெறும் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். தன் செய்தியை அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை தீபம் பார்க்க எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். அப்பாவால் படி ஏற முடியாது. அம்மா கூப்பிட்டும் நான் போகவில்லை. எங்கள் கூடத்து ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும், மலை தெரியாது. நான் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"வூடெல்லாம் எரிஞ்சி போச்சிப்பா," என்றேன்.

"பாத்தேன்மா."

கட்டுப் பிரித்த முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, பெரியவர்களிடம் சொல்வது போலவே சொன்னார்: "எனக்கும் வண்டி போச்சி. இனிமே ஓட்டக் கூடாதாம்."

"அப்ப யாரு ஓட்டுவாங்க?"

"வேற யாராச்சும்."

அப்போது ஊர் முழுக்க ஒரே குரலாக "அரோகரா" என்று எழுந்தது. மாடியில் அத்தையின் குரல் தனியாகக் கேட்டது. வெடிச்சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தீபம் ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக் கும்பிட்டோம். அவருடைய வேலை போன செய்தி, அம்மாவுக்கு முன்னால், எனக்குத்தான் தெரியும். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று எனக்கு எப்படியோ புரிந்தது.

விடிந்ததும் அத்தை மூட்டை கட்டினாள். அவளுடைய டிரங்குப் பெட்டியில் மேலாக என் பாவாடை சட்டைகளை மடித்து வைத்தாள். அம்மா தடுக்கவில்லை. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அக்கா," என்றார் அப்பா. "டாக்டரு வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரு."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தணிந்த குரலில், "அதாண்டா தம்பி நானும் சொல்றேன்," என்றாள். "இந்த நெலமைல புள்ளய நான் வச்சிக் காப்பாத்தறேன். தனியா பேசற பழக்கமும் போவும்."

"அவ தனியா பேசலக்கா. அங்க ஒரு ஊரே இருக்குது."

"எங்கடா இருக்குது? தீப்பெட்டியும் குப்பையும்தான் இருந்திச்சி. நான்தான பெருக்கனேன்?"

"நீ பெருக்கனது தாசில்தாரு வூட்ட." அப்பா கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் புதிதாக ஏறியவருக்கு வழி சொல்வது போலச் சொன்னார். "கறுப்பா பெருசா ஒரு பித்தானு. ஊருக்கே பெரிய ஆளு. ஆனா இடின்னா பயம் அவருக்கு. இடி இடிச்சா, பக்கத்து வூட்ல ஊதாப் பித்தானு ஒரு அம்மா கீறாங்க, அவங்க வூட்ல போயி உக்காந்துக்குவாரு. அந்தம்மா காபி போட்டுக் குடுப்பாங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க. ஏன்னு கேட்டா, சொன்னா தாசில்தாருக்கு வெக்கமா இருக்கும்னு. அப்புறம் வெள்ளப் பித்தானுங்க, ஸ்கூல் புள்ளைங்க. ஒண்ணுக்கு ஓரம் ஒடஞ்சிருக்கும், ஓடனா உருண்டு போயிடும். அதுக்காவ பஸ்ஸு நிக்கும். சிலேட்ட மறந்துட்டா ரிவர்ஸ்ல வந்து இட்டுக்கினு போவும். நானும் இத்தினி வருசமா வண்டி ஓட்டனேன். ஒருத்தருக்காவ ஒரு நாளு ரிவர்ஸ் வந்ததில்லக்கா."

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே மறந்துபோன விஷயங்கள். சைக்கிள் திருடியவன் ஏன் திருடினான், கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார், டாங்கியில் தண்ணீர் நின்றபோது யார் வீட்டுக் குடத்தை யார் நிரப்பினார், எல்லாம் சொன்னார். ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அந்த மனுஷர் பித்தானூரில் என்னோடு குடியிருந்திருக்கிறார்.

"உனுக்குக் காலோட மண்டையிலயும் அடிபட்டுச்சாடா?" என்றாள் அத்தை. ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"இருக்கும்," என்றார் அப்பா. "இவள உங்கூட அனுப்பிட்டு நான் இங்க படுத்துக்கினு இன்னாத்தப் பாக்கறது, சொல்லு."

அப்போது அம்மா கேட்டாள்: "அந்த ஊதாப் பித்தானு என் பழைய சட்டைலருந்து எடுத்ததாச்சே. அப்புறம் இன்னாங்க ஆச்சி, அந்தத் தாசில்தாருக்கு? ஊருக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரியல. அதுக்கப்புறம் இடி இடிக்கல."

அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய்விட்டுச் சிரித்தாள். பால்வாடியில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்தவள், தன் வீட்டில் நடந்த கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா சேந்தீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்து என் துணிகளை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். வைப்பதற்கு முன்னால் ஒரு பாவாடையை மடியில் போட்டு நீவிக்கொண்டிருந்தாள். ஆண் பிள்ளைகள் மட்டுமே உள்ள வீடு அவளுடையது. ஒரு பெண் பிள்ளைக்குத் தலை வாரிவிடும் ஆசை அவளுக்கு இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவள் எனக்கு ராட்சசி. நல்லது செய்ய வந்தவள்தான், குப்பைக்கும் ஊருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தீபத்துக்கு வரும்போது, தைத்த துணியில் மிஞ்சிய பித்தான்களை ஒரு தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைப்பாள்.

அப்பாவுக்கு அதே கம்பெனியில் பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்த்து வண்டி அனுப்பும் வேலை கிடைத்தது. பாய் முதலாளியிடம் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தார். நொண்டிக்கொண்டே ரிடையர் ஆகும் வரை அந்த வேலை பார்த்தார். அவர் நேரத்துக்கு வண்டியை விடமாட்டேன் என்கிறார், ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்துகிறார் என்று டிரைவர்கள் திட்டுவார்களாம். பாய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் என்ன ஆனேன் என்று கேட்பீர்கள். தபால் ஆபீஸில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்து, உங்களைப் போலவே ஓய்வு பெற்றேன். பெரிய கலைஞர் யாரும் என்னிடமிருந்து புறப்படவில்லை. அப்பா அதற்காகப் பார்க்கவும் இல்லை. இந்த விளையாட்டால் அறிவு வளரும், இவள் இப்படி வருவாள் அப்படி வருவாள் என்ற கணக்கே அவரிடம் கிடையாது. அவருக்கு அது பிடித்திருந்தது. ஒரு பிள்ளை தானாக ஒன்றை உண்டாக்குவதை, கை வைக்காமல், பாராட்டக்கூடச் செய்யாமல் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. என் பிள்ளைகளிடம் நானும் அப்படி இருக்கப் பார்த்தேன். பாதி நாள் முடிந்தது, பாதி நாள் முடியவில்லை. அவருடைய அளவுக்கு யாரும் வர முடியாது.

பித்தானூரை நான் மறுபடி கட்டவில்லை. கட்டத் தோன்றவில்லை. கார்த்திகை முடிகிற வரை சும்மாதான் திரிந்தேன். அப்பாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மழை முழுக்க விட்டுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கொடியில் காய்ந்து கிடந்த அம்மாவின் மெல்லிய நீல வாயில் துணிப் புடவையை உருவித் தரையில் விரித்தேன். அதன் மேல் கவிழ்த்த தட்டுகளை அங்கங்கே வைத்தேன். ஒரு முறத்தைக் கொண்டு வந்து நடுவில் வைத்தேன். பிறகு அதை எடுத்துவிட்டு ஓரத்தில் வைத்தேன். இன்னும் சரியாக வரவில்லை.

அம்மா ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். நல்ல புடவை தரையில் கிடப்பதைப் பார்த்தாள். அவள் மூச்சை இழுப்பது எனக்கு முதுகில் கேட்டது. திட்டு வரப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். வரவில்லை.

"இது இன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல," என்றார் அப்பா. "இன்னும் ஒண்ணும் சொல்லல. உக்காரு, பாப்போம்."

கட்டில் கிறீச்சிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது என்னவென்று எனக்கும் அதுவரை தெரியாது. புடவையின் ஒரு முனையைப் பிடித்து, மெல்ல ஓர் உதறு உதறினேன். நீலத்தில் ஓர் அலை எழுந்து, கவிழ்த்த தட்டுகள் வரை போனது.